சக்களத்தியரின் மதகளிறு: சாந்தலையின் திருமணமும் அதன் வாசகர்களும்

பெங்களூருவிலிருந்து வடமேற்கே நெலமங்கலத்தைக் கடந்து டாபஸ்பேட்டையை நெருங்கும்போது சிவகங்கை மலை கண்ணில் படும். கங்காதரேஸ்வரரும் ஹொன்னாதேவியும் கோயில் கொண்ட மலை அது. அதன் உச்சிக்கு அருகே செங்குத்தாக இறங்கும் பாறை விளிம்பு ஒன்று உண்டு. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் பட்டத்தரசி சாந்தலை அங்கிருந்து குதித்து உயிர் துறந்தாள் என்பது செவிவழி வழக்கு. பிள்ளைப்பேறு வாய்க்காத அரசி, தன் உயிர்த்தோழி இலட்சுமியைக் கணவனுக்கு மணமுடித்து வைத்தாள். அவள் வயிற்றில் நாட்டுக்கு ஒரு வாரிசு பிறக்கட்டும் என்று தான் ஒதுங்கிக்கொண்டாள். இறுதியில் இம்மலையில் வாழ்வை முடித்துக்கொண்டாள் என்று அக்கதை விரியும். மலையேறி வருவோரில் பலர் அவ்விளிம்பருகே சற்று நேரம் பேசாமல் நிற்பதுண்டு.

இதே அரசி எழுப்பிய சமணக் கோயில் ஒன்று சிரவணபெளகொளாவில் சந்திரகிரிக் குன்றின்மேல் இன்றும் இருக்கிறது. 1123இல் சாந்திநாத தீர்த்தங்கரருக்காகக் கட்டப்பட்ட அக்கோயிலின் பெயர் 'சவதி கந்தவாரண பசதி'. கன்னடச் 'சவதி' தமிழில் சக்களத்தி. கந்தவாரணம் என்பது மதநீர் மணக்கும் களிறு. 'செருக்குற்ற சக்களத்தியருக்கு மதகளிறு போன்றவள்' என்பது கல்வெட்டில் சாந்தலைக்கு வழங்கும் விருதுகளுள் ஒன்று. அந்த விருதே கோயிலின் பெயராயிற்று.

தோழியைத் தானே சக்களத்தியாக்கிவிட்டு விலகியவள் ஒருத்தி. சக்களத்தியரை அடக்கும் களிறு என்ற பெயரைத் தான் எழுப்பிய கோயிலுக்கு இட்டவள் மற்றொருத்தி. இருவரும் ஒரே பெண் என்பதுதான் இங்கே எழும் சிக்கல். கல்லில் இருந்த அரசி கதையில் எப்படி மாறினாள், வாசகர்கள் ஏன் அந்த மாற்றத்தை மனமார ஏற்றார்கள் என்ற கேள்வி, இடைக்காலத்தைவிட இருபதாம் நூற்றாண்டைப் பற்றி அதிகம் சொல்லக்கூடியது.

ஒரு நகரம், இரு சாந்தலையர்

இவ்விரு சாந்தலையரும் அச்சேறியதில் பெங்களூருவுக்குப் பெரும் பங்குண்டு. பெங்களூருவில் 1837இல் பிறந்த பெஞ்சமின் லூயிஸ் ரைஸ், மைசூர் அரசின் தொல்லியல் துறைக்குத் தலைமை தாங்கியவர். 'எபிகிராபியா கர்நாடிகா' வரிசையைத் தொடங்கியவர். சிரவணபெளகொளாக் கல்வெட்டுகளை அவர் 1889இல் தொகுத்து வெளியிட்டார். சாந்தலையின் கொடைகளும், விருதுகளும், மறைவும் நூல்வழியே அறிய வந்தது அத்தொகுப்பால்தான்.

மற்றச் சாந்தலையை எழுதியவர் கே. வி. ஐயர். உடற்பயிற்சி ஆசானாகப் புகழ்பெற்ற அவர் பெங்களூருவில் ஹெர்குலிஸ் உடற்பயிற்சிக் கூடத்தை நடத்தினார்; தசை வளர்ப்பைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் எழுதினார்; நாடகாசிரியர் கைலாசத்தின் நெருங்கிய நண்பராகவும் இருந்தார். அவர் 1950களில் கன்னடத்தில் எழுதிய 'சாந்தலா' என்னும் நாவல், கன்னட வாசகர் பலருக்கு ஹொய்சள வரலாற்றின் நுழைவாயிலாக அமைந்தது. நட்பும் தியாகமும் அதன் இரு தூண்கள். பின்னர் 1978இல் சி. கே. நாகராஜராவ் 'பட்டமகாதேவி சாந்தலாதேவி' என்ற பெருநாவலை நான்கு பாகங்களாக வெளியிட்டார். அதற்கு 1983இல் மூர்த்திதேவி விருது கிடைத்தது. மேடையிலும் திரையிலும் சாந்தலை மீண்டும் மீண்டும் தோன்றினாள். பேலூர் சென்னகேசவர் கோயிலில் கண்ணாடி பார்த்து நிற்கும் 'தர்ப்பண சுந்தரி' அவளுடைய வடிவமே என்று சுற்றுலா வழிகாட்டிகள் கூறுவதும் இந்தக் கதைமரபு விளைவித்த நம்பிக்கைதான்.

வாசகர்களின் மூன்று தடங்கள்

சாந்தலையின் திருமணக் கதையைப் படித்தவர்கள் அதைப் பற்றிக் கூறும் கருத்துகள் பெரும்பாலும் மூன்று தடங்களில் செல்கின்றன.

முதல் தடத்தினர் தியாகத்தில் கரைபவர்கள். கணவனைத் தோழியோடு பகிர்ந்துகொள்ளும் மனம் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று வியப்பவர்கள். அவர்களுக்குச் சாந்தலை, பத்தினிப் பெண்டிரின் வரிசையில் மேலும் ஒருத்தி.

இரண்டாம் தடத்தினர் சினம் கொள்பவர்கள். ஒரு பெண்ணின் வாழ்வைப் பலியிட்டு அதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டியது யார், இலட்சுமியின் விருப்பத்தை எவரேனும் கேட்டார்களா, மன்னன் ஏன் எதையும் இழக்கவில்லை என்று வினவுபவர்கள். அண்மைக்கால வாசகரிடையே இக்குரல் வலுத்திருக்கிறது.

மூன்றாம் தடத்தினர் சமாதானம் கூறுபவர்கள். அக்காலம் அப்படித்தான், அரசர்க்குப் பல மனைவியர் இருப்பது வழக்கம், அப்பெண்களும் அதை இயல்பாகவே ஏற்று வாழ்ந்தார்கள், இன்றைய அளவுகோலால் அன்றைய மணங்களை அளக்கலாகாது என்பவர்கள்.

மூன்றுக்கும் பொதுவான ஓர் எண்ணம் உண்டு. அரசகுலத் திருமணம் என்பது இரு நெஞ்சங்களுக்கு இடைப்பட்ட செய்தி என்பதே அது. முதல் தடத்தினர் அந்த நெஞ்சத்தைப் புகழ்கிறார்கள். இரண்டாமவர் அது நசுக்கப்பட்டதாக வருந்துகிறார்கள். மூன்றாமவர் அது நிறைவோடு இருந்ததாக நம்புகிறார்கள். ஹொய்சளர் காலத்துக் கல்வெட்டுகள் திருமணத்தை வைத்துப் பார்க்கும் இடமோ வேறு.

பாலூட்டிய கடன்

சிக்மகளூர்ப் பகுதியைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு, ஹொய்சளர் அரண்மனைத் திருமணங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பதிவு செய்கிறது. விஷ்ணுவர்த்தனனின் பாட்டனான வினயாதித்தன் காலத்தில், அரசி கெளெயப்பரசி தான் தம்பியாகப் பாவித்து வளர்த்த மரியானை தண்டநாயகனுக்குத் தேகவ்வை என்பவளை மணமுடித்து வைத்தாள். மணத்தோடு சிந்தகெரெ என்னும் ஊரின் தலைமையும் அவனுக்கு வழங்கப்பட்டது.

அம்மரபில் வந்த மற்றொரு மரியானைக்குப் பத்மலை, சாவலை, பொப்பை என மூன்று மகளிர். கல்வியிலும் இசையிலும் ஆடலிலும் தேர்ந்தவர்கள் என்று கல்வெட்டு அவர்களைப் போற்றுகிறது. விஷ்ணுவர்த்தனனின் தமையனான முதலாம் வல்லாளன் 1103இல் அம்மூவரையும் ஒரே பந்தலில் மணந்தான். பாலூட்டிய கடனுக்கு ஈடாகச் சிந்தகெரெயின் தலைமை அக்குடும்பத்துக்கு மீண்டும் உறுதி செய்யப்பட்டது.

இவ்வாவணத்தில் திருமணத்தோடு ஊர் கைமாறுகிறது. படைத்தலைவனின் குடும்பம் அரண்மனையோடு பிணைகிறது. தாய்ப்பால்கூட ஒரு கடனாக எண்ணப்பட்டுத் தீர்க்கப்படுகிறது. மணம் பேசி முடிப்பவள் ஓர் அரசி என்பதும் கருதத்தக்கது. பெரியோர் நிச்சயித்த திருமணம் என்று இன்று வழங்கும் சொல், அக்காலத்தில் ஆட்சிமுறையின் ஓர் உறுப்பையே குறித்திருக்கும். படைத்தலைமை, ஊருரிமை, குலவுறவு ஆகிய மூன்றும் கூடும் சந்தி அது.

இம்முறை ஒரு நாட்டின் எல்லைக்குள் நின்றுவிடவில்லை. விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டைச் சோழரிடமிருந்து வென்று 'தலைக்காடு கொண்டான்' என்று பெயர் பெற்றவன். அவன் வழிவந்த இரண்டாம் வல்லாளனின் அரசியருள் ஒருத்தியின் பெயரோ சோழமாதேவி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஹொய்சளர் திருவரங்கத்துக்கு அருகில் கண்ணனூரில் அமர்ந்து ஆண்டனர். இன்றைய பெங்களூருவின் தொம்மலூரிலும் மடிவாளத்திலும் உள்ள பழங்கோயில்களில் தமிழ்க் கல்வெட்டுகள் காணப்படுவது, இவ்விரு நாடுகளும் போராலும் உறவாலும் எவ்வளவு பின்னிக் கிடந்தன என்பதற்குச் சான்று.

இத்தகைய அரண்மனையில்தான் சாந்தலை பட்டத்தரசியாக விளங்கினாள். அவள் தந்தை மாரசிங்கய்யா சைவர். தாய் மாச்சிகப்பெ சமணர். விஷ்ணுவர்த்தனனுக்கு அரசியர் பலர். நரசிம்மனைப் பெற்ற இலட்சுமிதேவி, பல்லவ மரபினளாகக் கூறப்படும் பம்மலதேவி, இராஜலதேவி முதலிய பெயர்கள் கல்வெட்டுகளில் உள்ளன. ஆக, சக்களத்தியர் என்பது அவளுக்கு உருவகமன்று. அரண்மனையின் அன்றாட நிலை.

களிற்றின் பொருள்

இப்போது அந்த விருதுக்குத் திரும்பலாம். சாந்தலையின் விருதுப் பட்டியல் நீண்டது. புதிய உருக்குமணி, கணவன் நலம் நாடுவதில் சத்தியபாமை, அறிவில் பிருகற்பதி, கற்பில் சீதை, சமண நன்னம்பிக்கையின் முடிமணி, பாட்டும் கருவியிசையும் ஆடலும் நடத்தும் சூத்திரதாரி என்றெல்லாம் கல்வெட்டு அவளைப் புகழ்கிறது. இவற்றுக்கு இடையேதான் அந்த மதகளிறும் வருகிறது.

உருக்குமணியும் சத்தியபாமையும் ஒரே வரிசையில் நிற்பது கூர்ந்து நோக்கத்தக்கது. கண்ணன் கதையில் அவ்விருவரும் சக்களத்தியர். ஒருத்தி அமைதிக்கும் மற்றொருத்தி ஊடலுக்கும் பேர்போனவர்கள். பாரிசாத மலருக்காக அவர்களிடையே மூண்ட பூசல் ஊரறிந்த கதை. கல்வெட்டுப் புலவரோ இரு பெயர்களையும் ஒருத்திக்கே சூட்டிவிட்டார். கணவனின் வாழ்வில் இரு மனைவியர்க்குரிய இடத்தையும் இவள் ஒருத்தியே நிரப்புகிறாள் என்றால், மற்றவர்க்கு அங்கே என்ன மிஞ்சும்? மதகளிறு என்ற விருது வெளிப்படையாகக் கூறுவதை இவ்விரு பெயர்களும் நயமாகக் கூறிவிடுகின்றன.

இவ்விருதுகள் அவைப்புலவரின் சொற்கள் என்பதை மறக்கலாகாது. சாந்தலையின் உள்ளத்தை அவை அப்படியே காட்டிவிடும் என்று கொள்வது பிழை. மன்னர்க்குப் பகைவரை வென்ற விருதுகள் இருந்ததுபோல, அரசிக்குச் சக்களத்தியரை வென்ற விருது அமைந்தது எனலாம். ஆனால் நூறு விருதுகளில் ஒன்றைத் தேர்ந்து கோயிலுக்குப் பெயரிடுவது வேறு செயல். அக்கோயிலுக்கு மொட்டெனவிலெ என்னும் ஊரைக் கொடையாகக் கொடுத்து, தன் குரு பிரபாசந்திர சித்தாந்ததேவரிடம் ஒப்படைத்தவள் சாந்தலை. 'கணவன் நலம் நாடும் சத்தியபாமை' என்றோ 'கற்பில் சீதை' என்றோ அக்கோயிலை அழைத்திருக்கலாம். அரண்மனையில் தனக்குரிய முதலிடத்தை ஊரறிய, உலகறிய நிறுவும் பெயரே நிலைபெற்றது.

இதை வைத்துப் பார்த்தால் வாசகரின் மூன்று தடங்களும் சற்று ஆட்டம் காண்கின்றன. விரும்பி விலகிய தியாகியைக் கல்வெட்டில் காண இயலாது. வாய்மூடி நசுக்கப்பட்ட பேதையையும் அங்கே காண இயலாது. ஊரைக் கொடையளித்தவள், கோயில் எழுப்பியவள், பேலூரில் சென்னிகராயரை எழுந்தருளச் செய்தவள் அவள். எனினும் கொடைக்கு மன்னனின் இசைவு வேண்டியிருந்தது என்பதால் அவளுடைய உரிமைக்கும் ஒரு வரம்பு இருந்தது. சமாதானம் கூறுவோரின் கூற்றும் நிற்கவில்லை. பல மனைவியர் முறையைப் பெண்கள் இயல்பாக ஏற்றிருந்தால், சக்களத்தியரை அடக்குவது புகழுக்குரிய விருதாகியிருக்குமா? போட்டியும் அச்சமும் புழுக்கமும் நிறைந்த இடத்தில்தான் அத்தகைய விருதுக்கு மதிப்பு உண்டாகும். 'அக்காலம் அப்படித்தான்' என்பவர்க்கு அக்காலத்தவரே கல்லில் மறுப்பு எழுதி வைத்திருக்கிறார்கள்.

தியாகம் எங்கிருந்து வந்தது?

அப்படியாயின் நாவலுக்கும் செவிவழிக் கதைக்கும் தியாகம் ஏன் தேவைப்பட்டது? இதற்கு விடை தேடத் தமிழ் வாசகர் நன்கறிந்த மற்றொரு நாவல் துணைசெய்யும்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அதிலும் ஒரு நிச்சயித்த திருமணம் இழையோடுகிறது. கொடும்பாளூர் இளவரசி வானதியை அருள்மொழிவர்மனுக்கு மணமுடிக்க வேண்டும் என்று குந்தவை திட்டமிடுகிறாள். படைவலி மிக்க குறுநிலக் குலத்தோடு சோழ அரியணையைப் பிணைக்கும் அரசியல் மணம் அது. வாசகர் அதை அரசியலாக மட்டும் ஏற்க மாட்டார் என்று கல்கி அறிந்திருந்தார். எனவே வானதியின் நெஞ்சில் காதலை ஊன்றினார். அவள் அரியணைக்கு ஆசைப்படுகிறாள் என்ற பூங்குழலியின் குத்தல்மொழி வந்தபோது, சிங்காதனத்தில் அமரவே மாட்டேன் என்று அவளைச் சபதம் செய்யவும் வைத்தார். தொடர் முடிந்ததும், பாத்திரங்களின் பிற்கால வாழ்வு பற்றி வாசகர் எழுப்பிய வினாக்களுக்கு முடிவுரையில் அவர் விடை எழுத வேண்டியிருந்தது. வாசகர்க்கு அத்திருமணங்கள் அவ்வளவு நெருக்கமாகிவிட்டிருந்தன.

வரலாற்று இராசராசனுக்கும் அரசியர் பலர். உலோகமாதேவி, பஞ்சவன்மாதேவி, சோழமாதேவி, திரைலோக்கியமாதேவி முதலியோரின் பெயர்களும் கொடைகளும் கல்வெட்டுகளில் விளங்குகின்றன. திருவையாற்றில் உலோகமாதேவி எழுப்பிய கோயில் இன்றும் நிற்கிறது. வாசகர் நெஞ்சில் நிலைத்ததோ வானதி ஒருத்தியே.

இரு நாவல்களிலும் ஒரே உத்தி செயல்படுகிறது. பல மனைவியரும் அரசியல் மணமும் நிறைந்த வரலாற்றை, ஒரு பெண்ணின் சபதத்தால் அல்லது துறவால் தூய்மை செய்து வாசகர்க்கு அளிக்கும் உத்தி அது. இவ்வுத்தி வேலைசெய்த காலமும் கருதத்தக்கது. பம்பாய் மாகாணத்தில் 1946இலும் மதராஸ் மாகாணத்தில் 1949இலும் இந்துக்களின் இருதார மணம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1955இல் இந்துத் திருமணச் சட்டம் அத்தடையை நாடு முழுமைக்கும் விரித்தது. வீட்டுக்குள் சக்களத்தி என்னும் உறவுக்குச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இடைக்கால மன்னர்கள் தொடர்கதை நாயகர்களாக வீட்டுக்குள் வந்தார்கள். அவர்களைக் காதலிக்கவும் வேண்டும். அவர்களுடைய பல மனைவியரைப் பொறுத்துக்கொள்ளவும் வேண்டும். அந்த முரணை நாவலாசிரியர்கள் பெண்ணின் தோளில் ஏற்றினார்கள். முதல் மனைவியே விரும்பி மணமுடித்து வைத்தாள் என்றால் மன்னன்மேல் பழியில்லை. அரியணையே வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டால் மணத்தில் அரசியல் இல்லை.

அக்காலத்துப் பெண் வாசகர் இக்கதைகளைப் பெருவிருப்போடு படித்ததை ஏளனமாக எண்ணலாகாது. தாயோ பாட்டியோ சக்களத்தியோடு வாழ்ந்த வீடுகள் அன்று அரிதல்ல. அவ்வாழ்வின் கசப்பை யாரிடமும் கூற இயலாதவர்க்கு, அதே நிலையில் இருந்த ஓர் அரசி பெருமையோடு நடந்துகொண்டாள் என்பது ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் ஆறுதல் தரும் கதை, காலப்போக்கில் அளவுகோலாகவும் மாறிவிடும். சாந்தலையைப்போல் விட்டுக்கொடு என்று கூறப்படும்போது, அச்சாந்தலை கல்லில் இல்லை என்று அறிந்திருப்பது ஒரு பெண்ணுக்குப் பயன்படும்.

கல்லில் எஞ்சிய அன்பு

சாந்தலை 1131இல் சிவகங்கைத் தீர்த்தத்தில் மறைந்தாள். அச்செய்தியைக் கூறும் சிரவணபெளகொளாக் கல்வெட்டில் பாறை விளிம்பும் இல்லை, குதித்தலும் இல்லை. சமண நெறிப்படி வடக்கிருந்து உயிர் நீத்தாள் என்று கொள்வோர் ஆய்வாளரிடையே பலர்.

அக்கல்வெட்டு அதோடு முடியவில்லை. மகளின் மறைவைக் கேட்ட மாச்சிகப்பெ, அரசி விண்ணுலகு சென்றபின் தான் இங்கிருத்தல் இயலாது என்று துணிந்தாள், பெளகொளாவுக்கு வந்தாள், குருமார் முன்னிலையில் துறவு பூண்டாள், ஒரு மாதம் உண்ணாநோன்பிருந்து, கண்களைப் பாதி மூடி, அருகன் பெயரைச் சொல்லியபடி உயிர் விட்டாள். கல்வெட்டின் பெரும்பகுதி அத்தாயின் நோன்பையும் உறுதியையும் விரித்துரைக்கிறது.

இடைக்காலக் காதல் கதையைத் தேடி இவ்வரசியிடம் வரும் வாசகர், கணவன் மனைவிக்கு இடையில் அதைத் தேடுகிறார். அங்கே கிடைப்பவை விருதுகளும், ஊர்க்கொடைகளும், சக்களத்தியர் நடுவே காக்கப்பட்ட முதலிடமும். ஒருவரை இழந்தபின் வாழ ஒப்பாத அன்பு அதே கல்வெட்டில் இருக்கத்தான் செய்கிறது. அது ஒரு தாய் தன் மகள்மேல் வைத்திருந்த அன்பு. நாவல்கள் சாந்தலைக்கு ஒரு தோழியையும் ஒரு பாறையையும் தந்தன. கல் அவளுக்குத் தந்தது ஒரு களிற்றையும் ஒரு தாயையும்.